மதுரை யார்டிலிருந்து தூத்துக்குடிக் கப்பல் வரை: கனரக இயந்திரங்களை வெளிநாட்டுக்கு அனுப்புதல்

கனரக இயந்திரத்தைக் கடல் தாண்டி அனுப்பும் வேலையில் செலவையும் தாமதத்தையும் தீர்மானிப்பது கப்பல் அல்ல. இயந்திரம் கிளம்பும் யார்டு. எடையும் அளவும் அங்கே சரியாகக் குறிக்கப்பட்டு, மண் போகக் கழுவி, காகிதத்தில் உள்ள எண்ணும் இரும்பில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருந்தால், பிற்பாடு வரும் சிக்கல்களில் பாதி பிறக்கவே பிறக்காது. மதுரை வட்டாரத்தில் இந்தத் தேவை பலருக்கு வருகிறது. கப்பலூர், புதூர், உறங்கான்பட்டி தொழிற்பேட்டைகளின் பட்டறைக்காரர்கள், மேலூர்ப் பக்கம் கல் உடைக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்கள், பழைய எக்ஸ்கவேட்டரை இலங்கைக்கோ ஆப்பிரிக்காவுக்கோ விற்க விரும்பும் ஒப்பந்தக்காரர்கள், போர்வெல் ரிக் வண்டியோடு வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் என்று அந்த வரிசை நீளமானது. எல்லோருக்கும் பக்கத்துத் துறைமுகம் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம். 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011இல் வ.உ.சி. பெயர் பெற்ற இது, 70 மீட்டரைத் தாண்டும் காற்றாலை இறக்கைகளையே ஏற்றி இறக்கிப் பழகிய இடம்.

கொச்சிக்குப் போவதா என்ற கேள்வி சிலருக்கு எழும். கிலோமீட்டர் கணக்கில் கொச்சி ரொம்பத் தூரமில்லை. ஆனால் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் தளம் தாழ்ந்த நீளமான லோபெட் வண்டி திரும்பாது. பாலக்காட்டுக் கணவாயைச் சுற்றிப் போனால் தூரத்தில் கிடைத்த லாபம் கரைந்துவிடும். சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களில் ஓட்டி ஏற்றும் ரோரோ கப்பல்கள் கிடைப்பது ஒரு வசதி. டயர் வைத்து, தானே ஓடும் இயந்திரமாக இருந்து, போக வேண்டிய நாட்டுக்கு ரோரோ சேவையும் இருந்தால், 450 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைச் செலவைச் சேர்த்துக்கூட அது மலிவாக முடியலாம். மற்றபடி சமவெளியிலேயே ஓடி, சுமார் 140 கிலோமீட்டரில் முடியும் தூத்துக்குடிச் சாலைதான் மதுரைக்காரர்களின் இயல்பான வழி.

அளவெடுத்தல்

கம்பெனிக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் எடையை வைத்துக் கப்பல் கட்டணம் பேசக்கூடாது. குவாரியில் ஓடிய எக்ஸ்கவேட்டருக்குப் பாறைப் பக்கெட் மாட்டியிருப்பார்கள். பக்கெட்டின் அடியில் கூடுதல் தகடு பற்றவைத்திருப்பார்கள். கேபினுக்கு மேல் கல் விழாமல் காக்கும் கம்பிக் கூண்டு இருக்கும். இவை எல்லாம் சேர்ந்தால் 20 டன் என்று விற்ற இயந்திரம் 22 டன்னைத் தொடும். எனவே முதல் வேலை எடைமேடை. ஏற்றிய வண்டியை ஒரு முறை, வெறும் வண்டியை ஒரு முறை நிறுத்திப் பார்த்து, இரண்டு சீட்டுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். கன்டெய்னரிலோ, பின்னால் விளக்கும் ஃப்ளாட் ரேக்கிலோ போகும் சரக்குக்குச் சரிபார்த்த மொத்த எடையைக் கப்பல் நிறுவனத்துக்குத் தராமல் கப்பலில் ஏற்ற முடியாது என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த எடையில் மரக்கட்டை, சங்கிலி, ஃப்ளாட் ரேக்கின் சொந்த எடை எல்லாம் அடங்கும்.

அடுத்தது நீளம், அகலம், உயரம். பூமை மடக்கி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, இயந்திரம் பயணத்தில் எப்படி இருக்குமோ அப்படி வைத்துத்தான் அளக்க வேண்டும். புகைக்குழாய், கைப்பிடி, கண்ணாடித் தண்டு என்று துருத்தி நிற்கும் எதுவும் கணக்கில் வரும். கூடவே ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது, கிரேன் பெல்ட் மாட்டும் இடங்கள் எவை என்பதையும் பெயின்டால் குறித்து, நான்கு பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டும். எக்ஸ்கவேட்டரின் பின்பக்க எதிரெடை காரணமாக அதன் மையம் நடுவில் இருக்காது. இது தெரியாத கிரேன்காரர் தூக்கினால் இயந்திரம் ஒரு பக்கம் சாயும்.

இந்த அளவுகள் கையில் வந்ததும் எதில் அனுப்புவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடையும் வந்துவிடும். 40 அடி ஹைக்யூப் கன்டெய்னரின் கதவு அகலம் சுமார் 2.34 மீட்டர், உயரம் சுமார் 2.58 மீட்டர். 20 டன் வகை எக்ஸ்கவேட்டர் 2.8 மீட்டர் அகலமும் ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் இருக்கும். அது உள்ளே போகாது. கேபின் உயரத்தால் பேக்ஹோ லோடரும் போகாது. கல் அறுக்கும் இயந்திரத்தின் மோட்டார், கியர் பெட்டி, பிளேடு, க்ரஷரின் சல்லடை, கன்வேயர் உருளைகள், சிறிய கம்ப்ரசர் ஆகியவை போகும்.

உள்ளே போகாதவற்றுக்கு ஃப்ளாட் ரேக் உண்டு. இரண்டு முனைகளில் மட்டும் சுவர் நிற்கும் இரும்புத் தளம் அது. அதன் அகலம் 2.44 மீட்டர். 2.8 மீட்டர் இயந்திரம் இரு பக்கமும் 18 சென்டிமீட்டர் வெளியே நீட்டும். உயரமும் முனைச் சுவரைத் தாண்டும். அப்போது கப்பலில் பக்கத்து இடத்திலும் மேலேயும் வேறு கன்டெய்னர் வைக்க முடியாது. காலியாகப் போகும் அந்த இடங்களுக்கும் சேர்த்தே கப்பல் நிறுவனம் கட்டணம் கேட்கும். சில சென்டிமீட்டர் வித்தியாசம் இரண்டு மூன்று மடங்குக் கட்டணமாக மாறுவது இங்கேதான்.

இன்னொரு வழி, கன்டெய்னரே இல்லாமல் சரக்குக் கப்பலின் அறையிலோ மேல்தளத்திலோ நேரடியாக ஏற்றும் பிரேக்பல்க். இதில் கட்டணம் எடைக்கும் கொள்ளளவுக்கும் எது கூடுதலோ அதன்மேல் விதிக்கப்படும். இந்தக் கணக்கில் ஒரு டன்னும் ஒரு கனமீட்டரும் சமம். 9.5 மீட்டர் நீளம், 2.8 அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் கொள்ளளவு 79.8 கனமீட்டர். இயந்திரம் 22 டன்தான் என்றாலும் கட்டணம் 79.8 அலகுக்கு. பூமையும் ஆர்மையும் கழற்றி நீளத்தை 6 மீட்டருக்குக் கொண்டுவந்தால் உடல் பகுதி 50.4 கனமீட்டராகிவிடும், கழற்றிய பாகங்களைத் தனிப் பொதியாகவோ வேறு கன்டெய்னரின் மூலையிலோ சேர்க்கலாம். அதே சமயம் கழற்ற ஆள்கூலி, ஹைட்ராலிக் குழாய் முனைகளை அடைக்கும் வேலை, அந்தப் பக்கத்தில் மறுபடி பொருத்தத் தெரிந்த மெக்கானிக் ஆகியவையும் செலவே. போய்ச் சேரும் ஊரில் மெக்கானிக் கிடைப்பார் என்று உறுதி இல்லாவிட்டால், கட்டணம் கூடினாலும் இயந்திரத்தை முழுசாக அனுப்புவதே நல்லது. பிரித்து அனுப்பி, பொருத்த ஆளில்லாமல் துறைமுகத்தில் கிடக்கும் எக்ஸ்கவேட்டர் தினமும் வாடகை கேட்கும்.

கழுவுதல்

பழைய இயந்திரம் அனுப்புகிறவர்கள் மிகக் குறைவாக மதிக்கும் வேலை இது. அதிகம் அடிபடுவதும் இதில்தான். அருப்புக்கோட்டை, திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் ஈரத்தில் பசைபோல் ஒட்டி, காய்ந்ததும் கல்லாக இறுகும். செயின் கட்டைகளின் இடுக்கு, அடித்தகட்டின் உள்பக்கம், ரேடியேட்டர் துடுப்புகள், கேபின் மிதியடியின் அடி, பூம் மூட்டுகள் என்று அது தங்காத இடமில்லை. மண்ணோடு களை விதையும் பூச்சி முட்டையும் போகும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் மண் ஒட்டிய பழைய இயந்திரத்தைத் துறைமுகத்திலேயே நிறுத்தி, இறக்குமதியாளர் செலவில் கழுவ வைக்கும், அல்லது திருப்பி அனுப்பிவிடும். அங்கே ஆகும் கழுவுச் செலவோடு ஒப்பிட்டால் மதுரையில் ஒரு வாட்டர் சர்வீஸில் ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. அடித்தகடுகளைக் கழற்றி, உயர் அழுத்தத் தண்ணீர் அடித்து, காயவிட்டு, மறுநாள் டார்ச் வைத்துத் தேடி, மறுபடி அடிக்க வேண்டும். கழுவி முடித்த இயந்திரத்தை மண் தரையில் ஓட்டாமல் நேரே லோபெட்டில் ஏற்றுவதும் இந்த வேலையில் சேர்த்தி.

அடியில் வைக்கும் மரக்கட்டைக்கும் விதி உண்டு. சர்வதேசப் பயிர்ப் பாதுகாப்பு விதியின்படி வெப்பச் சிகிச்சை செய்த மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். கட்டையில் அதற்குரிய முத்திரை இருக்க வேண்டும். பக்கத்து மரக்கடையில் கிடைத்த வேம்புக் கட்டையையோ கருவேலங் கட்டையையோ முட்டுக்கொடுத்து அனுப்பி, அந்த இரண்டு கட்டைக்காக முழுச் சரக்கும் நிறுத்தப்படுவது உண்டு. முத்திரை உள்ள கட்டை தூத்துக்குடியிலேயே கிடைக்கும். சரக்கைக் கட்டும் லேஷிங்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

டீசலை அடியில் கொஞ்சம் விட்டு இறக்கிவிட வேண்டும். ஏற்றி இறக்க ஓட்டுவதற்கு அது போதும். பேட்டரி முனையைக் கழற்றி டேப் சுற்ற வேண்டும். எண்ணெய்க் கசிவு எங்கேயும் இருக்கக்கூடாது. என்ஜின் உள்ள இயந்திரம் ஆபத்துச் சரக்கு விதிகளின் கீழ் வரும். கசிவில்லாமலும் டாங்கில் எரிபொருள் குறைவாகவும் இருந்தால் விலக்குக் கிடைக்கும் என்பதால், கப்பல் நிறுவனம் கேட்கும் உறுதிமொழிப் படிவத்தை உண்மையாக நிரப்பித் தர வேண்டும்.

சாலை

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சாலையில் போகும் சரக்கின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. 2.8 மீட்டர் எக்ஸ்கவேட்டர் அப்போதே அளவு மீறிய சரக்கு, அதாவது ஓடிசி. அதற்கு நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்தின் இணையத்தளத்தில் தனி அனுமதி பெற வேண்டும். லோபெட் வண்டிக்காரரே இதை வாங்கித் தருவார் என்றாலும், அனுமதித் தாளில் உள்ள அளவும் வண்டியில் நிற்கும் அளவும் ஒன்றா என்று சரக்குக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். அபராதம் வண்டிக்கு விழுந்தாலும் தாமதம் சரக்குக்குத்தான்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 38 நான்குவழிச் சாலை; எலியார்பத்தியிலும் புதூர்பாண்டியாபுரத்திலும் சுங்கச்சாவடிகள் இருக்கின்றன. சாலை நல்லது; சிக்கல் அந்தச் சாலையில் சேரும்வரைதான். குவாரியிலிருந்தும் கிராமத்து யார்டிலிருந்தும் வெளிவரும் பாதையில் மின்கம்பிகள் தாழ்ந்து தொங்கும். லோபெட்டின் தள உயரத்தோடு 3 மீட்டர் இயந்திரம் ஏறினால் தரையிலிருந்து சுமார் 4 மீட்டர். ரயில்வே சுரங்கப் பாலங்கள் பல அதற்கு இடம் தராது. முதல் நாளே பைக்கில் ஒரு கம்போடு அந்தப் பாதையில் போய் உயரம் பார்த்து வர ஆள் அனுப்புவது கட்டாயம். சித்திரைத் திருவிழா நாட்களில் நகரத்தைச் சுற்றிய சாலைகளில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வரும். கிராமத் திருவிழாக்களுக்கோ சாலையின் குறுக்கே அலங்கார வளைவும் சீரியல் விளக்கும் கட்டியிருப்பார்கள். சுற்றுச்சாலையைப் பிடித்து நகரத்தைத் தொடாமல் போவதே முறை.

ஜிஎஸ்டி இ-வே பில்லில் ஒரு கட்டம் பலர் கண்ணில் படுவதில்லை. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி; அளவு மீறிய சரக்குக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். தூத்துக்குடி 140 கிலோமீட்டர் என்றால் முதல் வகையில் ஒரே நாள், இரண்டாம் வகையில் ஏழு நாள். ஓடிசி என்று குறிக்க மறந்து, வண்டி வழியில் பழுதாகி நின்றால், ஓரிரு நாள் கழித்து வரும் சோதனையில் இ-வே பில் காலாவதியாகியிருக்கும்.

மழைக்காலத்தைக் கணக்கில் வைத்தே கப்பல் தேதி குறிக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. சாலைகள் அறுந்தன, ஊர்கள் தீவுகளாயின. அக்டோபர் முதல் டிசம்பர் வரை துறைமுகத்துக்கு நாலைந்து நாள் முன்பே சரக்கைக் கொண்டு சேர்ப்பதும், யார்டில் மேடான இடம் கேட்டு வாங்குவதும் வீண்செலவு ஆகாது.

காகிதம்

ஏற்றுமதி செய்பவருக்கு அந்நிய வர்த்தக இயக்குநரகம் தரும் ஐ.இ.சி. எண் வேண்டும், வங்கியின் ஏ.டி. கோடு அந்தத் துறைமுகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. உறுதிப்பத்திரம் தாக்கல் செய்திருக்க வேண்டும். எல்.யு.டி.யை நிதியாண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், மற்றவை பெரும்பாலும் ஒரு தடவை வேலை. ஒவ்வொரு சரக்குக்கும் வேண்டியவை இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கச் சட்டம் 1962இன் 50ஆம் பிரிவின்படி தாக்கலாகும் ஏற்றுமதிப் படிவமான ஷிப்பிங் பில். அதை உரிமம் பெற்ற சுங்க முகவர் இணையத்தில் தாக்கல் செய்வார். அதிகாரி பார்த்து ஏற்றுமதி அனுமதி தந்த பிறகே இயந்திரம் கப்பலேறும்.

ஊர்ப்பேச்சில் எல்லா பேக்ஹோ லோடரும் ஜேசிபி, எல்லா எக்ஸ்கவேட்டரும் ஹிட்டாச்சி. இன்வாய்ஸில் அப்படி எழுதினால் சரக்கு நின்றுவிடும். தயாரிப்பாளர், மாடல், தயாரித்த ஆண்டு, சேசிஸ் எண், என்ஜின் எண் ஆகியவற்றைத் தகட்டிலிருந்து பார்த்து எழுத வேண்டும். என்ஜின் மாற்றிய இயந்திரமாக இருந்தால் அந்த பில்லும் சேர வேண்டும். தகடு தேய்ந்து எண் தெரியாவிட்டால் சேசிஸில் குத்திய எண்ணைத் தேடிப் படம் எடுத்து வைக்க வேண்டும்.

சுங்க வகைப்பாட்டில் எக்ஸ்கவேட்டர், புல்டோசர், கிரேடர், ரோடு ரோலர் ஆகியவை 8429 தலைப்பில் வரும், கிரேன் 8426, கல் உடைக்கும் க்ரஷர் 8474, கல் அறுக்கும் இயந்திரம் 8464, உதிரி பாகங்கள் பல 8431. போர்வெல் ரிக்கில்தான் குழப்பம். துளையிடும் கருவி தனியாகவோ செயின் வண்டியிலோ இருந்தால் 8430. லாரி சேசிஸின்மேல் பொருத்தியிருந்தால் 8705இல் சிறப்பு வாகனம். வாகனம் என்றாகிவிட்டால் போய்ச் சேரும் நாட்டில் வாகன வயது வரம்பு, வாகன வரி, வலப்பக்க ஸ்டியரிங் கேள்விகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ரிக் அனுப்புகிறவர் இந்த வகைப்பாட்டை வாங்குபவரின் சுங்க முகவரிடம் எழுத்தில் உறுதி செய்த பிறகே கப்பல் பேச வேண்டும். திருச்செங்கோட்டு ரிக்காரர்கள் பல காலமாக ஆப்பிரிக்க நாடுகளுக்கு வண்டிகளைக் கொண்டுபோய்த் தொழில் செய்கிறார்கள். மதுரைப் பக்கத்தில் புதிதாக இறங்குகிறவர்கள் அந்த அனுபவத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எந்தப் புத்தகத்தையும்விடப் பயன் தரும்.

டயர் வைத்த இயந்திரங்களும் ரிக் லாரிகளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானவை. டிஎன் 58, 59, 64 என எந்தப் பதிவாக இருந்தாலும், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யிலிருந்து நீங்கி, தடையில்லாச் சான்று கையில் இருக்க வேண்டும். பழைய இயந்திரம் வாங்கி அனுப்புகிறவர் வழக்குச் சிக்கலையும் விசாரிக்க வேண்டும். 2012இல் மேலூர் வட்டாரக் கிரானைட் குவாரிகள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டபோது வாகனங்களும் இயந்திரங்களும் பறிமுதலாகின. நீதிமன்றக் கட்டுப்பாட்டில் உள்ள இயந்திரத்துக்கு விற்பவர் எந்த பில் போட்டுக் கொடுத்தாலும் அது செல்லாது.

வெளிநாட்டிலிருந்து சுங்க வரி கட்டி இறக்கிய இயந்திரத்தையே திரும்ப ஏற்றுமதி செய்தால், சுங்கச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி கட்டிய வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பயன்படுத்தாததற்கு 98 விழுக்காடு. பயன்படுத்திய காலம் கூடக்கூட அது இறங்கிக்கொண்டே வந்து, 18 மாதத்துக்கு மேல் ஓட்டியதற்கு ஒன்றும் கிடைக்காது.

கட்டுதல்

சாலையில் வண்டி பிரேக் பிடிக்கும்போது சரக்கு தன் எடையில் 80 விழுக்காடு விசையோடு முன்னால் தள்ளும். கடலில் ஆபத்து பக்கவாட்டில். பெரிய அலை எழும் கடல்களில் பக்கவாட்டு விசையும் எடையின் 80 விழுக்காடு வரை போகும் என்று வைத்துத்தான் சரக்கு ஏற்றும் சர்வதேச நெறிமுறை கணக்குப் போடுகிறது. 22 டன் இயந்திரத்துக்கு அது 17 டன்னுக்கு மேல். எனவே லோபெட்டில் மதுரையிலிருந்து பத்திரமாக வந்த அதே கட்டு கப்பலுக்குப் போதாது. செயின், டர்ன்பக்கிள் இரண்டிலும் தாங்குதிறன் பொறித்திருக்க வேண்டும். இரும்புச் செயின் வண்டி இரும்புத் தளத்தின்மேல் வழுக்கும் என்பதால் நடுவில் மரமோ ரப்பர் விரிப்போ வேண்டும். சுழலும் மேல்பகுதியைப் பின் போட்டுப் பூட்ட வேண்டும். ஹைட்ராலிக் சிலிண்டர், குழாய், ஏணிப்படி போன்றவற்றில் செயின் மாட்டவே கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த கட்டுக்கண்ணிகள் எங்கே இருக்கின்றன என்பதை யார்டிலேயே பெயின்டால் காட்டிவிட்டால் துறைமுகத்தில் தவறு நடக்காது. கட்டி முடித்த பின் எடுக்கும் படங்கள் பிற்பாடு இன்ஷூரன்ஸில் முதல் சாட்சி.

கடைசித் துண்டுப் பயணமே மோசமாகிவிடுவதற்குத் தென் கடற்கரையில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்காக ரஷ்யாவிலிருந்து வந்த இரண்டு நீராவி உற்பத்திக் கலன்கள் பல ஆயிரம் மைல் கடலைத் தாண்டித் தூத்துக்குடியில் பத்திரமாக இறங்கின. அங்கிருந்து மிதவையில் ஏற்றி இழுத்துப் போனபோது, 2023 செப்டம்பரில், கூடங்குளத்தின் இறங்குதளத்துக்குச் சில நூறு மீட்டர் முன்னால் இழுவைக் கயிறு அறுந்து மிதவை பாறையில் சிக்கியது. பெரிய கப்பலுக்குச் செய்த அதே கணக்கைத் துறைமுகத்திலிருந்து வேலைத்தளம் வரை உள்ள சிறு பயணத்துக்கும் செய்ய வேண்டும்.

காப்பீடு

சரக்கு சேதமானால் கப்பல் நிறுவனம் முழு மதிப்பும் தரும் என்று நம்பக்கூடாது. ஹேக்-விஸ்பி விதிகளின்படி அதன் பொறுப்பு ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது கூடுதலோ அது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஒரு டாலரைவிடச் சற்று மதிப்புக் கூடியது. 22 டன்னுக்கு 44,000 எஸ்.டி.ஆர். வரும். பழைய எக்ஸ்கவேட்டருக்கு இது போதலாம். எடை குறைந்து விலை கூடிய கணினிக் கட்டுப்பாட்டுக் கல் அறுப்பு இயந்திரத்துக்குப் போதவே போதாது. மேல்தளத்தில் ஏற்றியதாகக் கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் எழுதி, அப்படியே ஏற்றிய சரக்குக்கு இந்த விதிகளின் காப்பும் இல்லை.

அதனால் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். சரக்கின் விலை, கப்பல் கட்டணம், காப்பீட்டுக் கட்டணம் மூன்றும் சேர்ந்த மதிப்பில் 110 விழுக்காட்டுக்கு எடுப்பது வழக்கம். இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸஸ் ஏ வகை விரிவானது. ஆனால் கட்டு சரியில்லாததால் வந்த சேதத்தை அதுவும் ஏற்காது. பழைய இயந்திரத்துக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் குறுகிய வகையையே தரும். துரு, கீறல், பழைய பள்ளம் ஆகியவற்றை விலக்கிவிடும். யார்டு வாசலிலிருந்து அந்தப் பக்கத்து வேலைத்தளம் வரை காப்பு இருக்கிறதா, மேல்தளச் சரக்கு என்று பாலிசியில் எழுதியிருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் பிரீமியம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

போய்ச் சேரும் நாடு

இலங்கை மிக அருகில் இருக்கிறது. கொழும்புக்குத் தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் கப்பல்கள் போகின்றன. ஆனால் தூரம் குறைவு என்பதால் விதியும் எளிது என்று பொருள் இல்லை. 2020இல் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தளர்வு படிப்படியாகத்தான் வந்தது. பழைய இயந்திரத்துக்கும் வாகனத்துக்கும் இறக்குமதி உரிமம், வயது வரம்பு ஆகியவை வாங்குபவர் பெயரில் உறுதியான பிறகே மதுரையில் இயந்திரத்தைத் தொட வேண்டும். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் வரிச்சலுகை, உற்பத்தி மூலச் சான்றிதழ் பெற்ற இந்தியத் தயாரிப்புகளுக்கே.

மாலத்தீவுக்கு 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி வழியாக நேரடிச் சரக்குக் கப்பல் சேவை தொடங்கப்பட்டது. கட்டுமானப் பொருள்களைத் தோணிகளும் காலங்காலமாக ஏற்றிப் போகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தோணி ஓட்டம் நின்றுவிடும். மாலத்தீவில் பெரிய கேள்வி இறக்குவதுதான். மாலேயில் கிரேன் இருக்கலாம். இயந்திரம் போக வேண்டிய சிறு தீவில் இருக்காது. தரைதட்டி நிற்கும் இறங்குபடகில் தானாக ஓடி இறங்கக்கூடிய இயந்திரமே அங்கே நடைமுறைக்கு உகந்தது.

கென்யாவுக்குப் போகும் சரக்கு இந்தியாவிலேயே சோதிக்கப்பட்டுத் தரச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் மொம்பாசாவில் இறங்கினால் அபராதம். உகாண்டா, ருவாண்டா போன்ற கடற்கரை இல்லாத நாடுகளுக்கு மொம்பாசாவிலிருந்தோ தாருஸ்ஸலாமிலிருந்தோ மேலும் பல நூறு கிலோமீட்டர் சாலை உண்டு. அங்கேயும் அச்சு எடை வரம்பு இருக்கிறது.

திரும்பி வரும் இயந்திரம், வந்து சேரும் இயந்திரம்

விற்காமல் வாடகைக்கோ ஒப்பந்த வேலைக்கோ அனுப்பும் இயந்திரம் திரும்பி வரும்போது மறுபடி வரி கட்டாமல் இறக்க 2017ஆம் ஆண்டின் 45ஆம் எண் சுங்க அறிவிக்கை இடம் தருகிறது. பொதுவாக 3 ஆண்டுக்குள் திரும்ப வேண்டும். உரிமை கை மாறியிருக்கக்கூடாது. போனதும் வந்ததும் ஒரே இயந்திரம் என்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும். போகும்போது ஷிப்பிங் பில்லில் எழுதிய சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் அப்போது கைகொடுக்கும். வெளிநாட்டில் என்ஜின் மாற்ற நேர்ந்தால் அந்தப் பட்டறையின் பில்லை அங்கேயே வாங்கி வைக்க வேண்டும்.

எதிர்த்திசையில், ஜப்பானிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ பழைய இயந்திரம் இறக்குகிறவருக்கு விலை நிர்ணயமே பெரிய படி. சார்ட்டர்ட் எஞ்சினியர் சான்றிதழ் தயாரித்த ஆண்டு, நிலை, மதிப்பு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். இன்வாய்ஸ் விலை குறைவு என்று சுங்கத்துக்குத் தோன்றினால் அந்த மதிப்பு பேசும். வரியை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது கடினமல்ல. சுங்க மதிப்பு 100 ரூபாய், அடிப்படை வரி 7.5 விழுக்காடு என்று கொண்டால் வரி 7.50, அதன்மேல் 10 விழுக்காடு சமூக நலக் கூடுதல் வரி 75 காசு, மொத்தம் 108.25 ரூபாய்மேல் 18 விழுக்காடு ஐ.ஜி.எஸ்.டி. ஏறத்தாழ 19.49. ஆக 100 ரூபாய்ச் சரக்குக்கு 27.74 ரூபாய் கையில் இருக்க வேண்டும். இதில் ஐ.ஜி.எஸ்.டி.யைத் தகுதியுள்ள தொழிலகங்கள் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம் என்றாலும், இயந்திரம் துறைமுகத்தை விட்டு வெளியே வர முழுத் தொகையும் ரொக்கமாகத் தேவை. இறக்குமதிக்கான சுங்கப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும் அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் தாமதக் கட்டணம் ஏறும்.